ஓரக்கண்ணால் பார்த்த நட்சத்திரம்

பஸ் டிப்போவின் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று அதற்குள் உட்கார்ந்து பதிவு செய்வதுதான் அவள் வேலை. டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் அவள் டைம் கீப்பரம்மா. வண்டி தாமதமானால் ஆளுக்கொரு கதையோடு வந்து கூண்டின் ஓட்டை வழியே முகத்தை நீட்டுவார்கள். ரயில்வே கேட், பஞ்சர், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. "போன மாசம்தானே அந்த மாமியார் செத்துப்போனாங்க?" என்று தலை நிமிராமலே கேட்பாள். டைம் கீப்பரம்மாவிடம் பொய் செல்லாது என்று டிப்போ முழுக்கப் பேர்.

அவள் கணவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவர். சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டு, பழைய திரைச்சீலையின் முனை என்று எதையாவது எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். ஒருமுறை ஒரு பெண் காலில் இருந்த செருப்பையே கழற்றி மேஜைமேல் வைத்து, "இதே கலர் வேணும்" என்றாள். அவர் முகம் சுளிக்கவில்லை. வெளிச்சத்தில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பார்த்துவிட்டு, வெள்ளை டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலக்கி, செருப்பு எது சுவர் எது என்று தெரியாத அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்.

இருவருக்கும் முப்பது தாண்டித்தான் கல்யாணம் நடந்தது. குழந்தை இல்லை. டாக்டர், மருந்து என்று சில வருடங்கள் அலைந்தார்கள். பிறகு பேசி வைத்துக்கொண்டது போல ஒருநாள் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் மாலை நேரங்கள் நீண்டுபோயின. டிவி அதுபாட்டுக்கு ஓடும்; ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடப்பார்கள்.

அப்போதுதான் வானியல் சங்கத்துக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். தொலைநோக்கிக் குழாயின் உள்பக்கம் பூச ஒரு கறுப்பு வேண்டும், துளிகூடப் பளபளக்கக் கூடாது என்றார்கள். அவர் கலந்து கொடுத்த முதல் கறுப்பு திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கரித்தூளைச் சலித்துச் சேர்த்தார். அது ஒத்துப்போனது. சங்கத்தார் மகிழ்ந்துபோய், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கச் சொன்னார்கள்.

சங்கத்தின் தலைவி ஒரு பல் டாக்டர். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் நட்சத்திரக் கணக்குப் பார்க்கிறவர். அவர்தான் அன்றைக்குத் தொலைநோக்கியைத் திருப்பி ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினார். மங்கலான புகைத்திட்டின் நடுவே உப்பைச் சிந்தியது போல நட்சத்திரங்கள்.

"இதெல்லாம் பச்சைக் குழந்தைங்க," என்றார் டாக்டரம்மா. "பிறந்து சில பத்து லட்சம் வருஷம்தான் ஆகுது. இன்னும் நிலைக்கு வரலை. சுத்தியும் ஒரே தூசி. ஒருநாள் பளிச்சுனு இருக்கும், ஒருநாள் மங்கிடும். எப்போ என்ன பண்ணும்னு யாராலும் சொல்ல முடியாது. யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் அதையே திருப்பிச் சொன்னார். "யாராவது பாத்துக்கிட்டே இருக்கணுமாம்." அடுத்த மாதச் சம்பளத்தில் சங்கத்தின் பழைய தொலைநோக்கி ஒன்று அவர்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது.

வானம் தெளிந்திருக்கும் மாதங்களில், சாப்பாடு முடிந்ததும் இருவரும் மாடிக்குப் போவார்கள். வேலை எளிமையானதுதான். மாறும் நட்சத்திரத்தின் பக்கத்திலேயே மாறாத நட்சத்திரங்கள் சில இருக்கும். அவற்றின் வெளிச்சத்துக்கு ஏற்கெனவே எண் உண்டு. இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று ஒப்பிட்டு, மாறும் நட்சத்திரத்துக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் கண் தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அதனால் ஒருவர் பார்க்கும்போது மற்றவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொள்வார். பிறகு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எண்ணைச் சொல்வார்கள். அந்த மூணுக்காகவே அவள் மாடிப்படி ஏறினாள் என்றும் சொல்லலாம். பெரும்பாலும் எண்கள் ஒட்டியே இருக்கும். சிவப்பு நட்சத்திரம் என்றால் மட்டும் அவர் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொல்வார்.

"சிவப்பைக் கண்டா உங்களுக்கு மயக்கம்," என்பாள் அவள்.

"அப்புறம் எப்படி உன்னைக் கட்டிக்கிட்டேன்?" என்பார். அவள் நல்ல கறுப்பு.

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துபோகும். கொஞ்சம் தள்ளிப் பார்வையை வைத்து ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். இது அவருக்கு முதல் நாளே கைவந்துவிட்டது. "ஓரக்கண்ணால பாக்கிறதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே பழகின வித்தை," என்று பல் டாக்டரிடமே சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கூட்டத்தின் விளிம்பில் ஒரு நட்சத்திரம். எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. அதற்கு அடங்காப்பிடாரி என்று பேர் வைத்தவரும் அவர்தான். ஒருமுறை அது ஒரே வாரத்தில் பாதி வெளிச்சத்துக்கு இறங்கியது. அதை முதலில் கண்டு சொன்னது இவர்கள் வீட்டு மாடிதான். "உன் டிப்போ வண்டியே தேவலை. ராத்திரிக்காவது வீடு வந்து சேரும்," என்பார். அடங்காப்பிடாரி இன்றைக்கு எப்படியிருப்பாளோ என்று டிப்போவிலிருந்து திரும்பியதுமே அவள் ஆரம்பிப்பாள். மேகமாக இருந்தால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஓடின.

பிறகு பெயிண்ட் கடையில் ஒரு மெஷின் வந்தது. எந்தத் துண்டை வைத்தாலும் அதன் நிறத்தைப் படித்து, தானே கலந்து ஊற்றும். முதலாளி நல்ல மனுஷர், "உங்க கண்ணுக்கு இது ஈடாகுமா?" என்றுதான் சொன்னார். ஆனாலும் துண்டுகளெல்லாம் மெஷினுக்குப் போயின. இவர் டப்பா அடுக்கினார், ரசீது கிழித்தார். வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மாடிக்குப் போகும்போது மட்டும் முன்னைவிட வேகமாகப் படியேறினார்.

அந்த வருடம்தான் அவருக்குக் கைதவறுவது அதிகமானது. சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். தெருவில் நிறுத்தியிருந்த சைக்கிள்மேல் போய் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். நாள் முழுக்க வண்டிச் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கத்துவாள். அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு துணியெடுத்துத் தரையைத் துடைப்பார்.

ஒரு மாலை, மூணு என்றதும் அவள் "பத்தே முக்கால்" என்றாள். அவர் "பதினொண்ணரை" என்றார்.

"என்னங்க, அவ்வளவு மங்கலாவா இருக்கு?"

"தூசி வந்திருக்கும்," என்று திரும்பப் போய்ப் பார்த்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். "இருக்கா இல்லையான்னு ஆடுது. கண்ணுக்கு வருது, உடனே போயிடுது. பதினொண்ணரைதான்."

அவள் மறுபடி பார்த்தாள். அடங்காப்பிடாரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண் கூசாமலிருக்கச் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் வெளிச்சத்தில் அந்த முகம், மார்க் கேட்க வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. மெஷின் ஞாபகம் வந்தது அவளுக்கு.

"ஆமா, கொஞ்சம் மங்கல்தான். நான்தான் சரியாப் பாக்கலை," என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த முறை மூணு என்று சொன்னதும் அவள் அரை மூச்சு காத்திருந்தாள். அவர் எண் காதில் விழுந்ததும் தன் எண்ணை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. சொன்ன எண்களைத்தான் டாக்டரம்மாவுக்கும் அனுப்பினாள். யாருக்கு என்ன நஷ்டம், நட்சத்திரம் கோபித்துக்கொள்ளவா போகிறது என்று நினைத்தாள். டிப்போவில் ஒருவனையும் தப்பவிடாதவள், வீட்டில் தானே ஒரு கதையோடு ஓட்டைக்குள் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முழுப் பருவமும் அப்படிப் போனது.

கூண்டில் இருக்கும்போது டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சங்கடமாத்தான் இருக்கு. மத்த எல்லாருக்கும் அடங்காப்பிடாரி ஒரே மாதிரி இருக்கா. உங்க வீட்டு மாடியில மட்டும் மங்கிக்கிட்டே போறா. ஒருத்தருக்குன்னா பரவாயில்லை. ரெண்டு பேருக்குமா?"

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அவள் பதிவு செய்யவில்லை.

"எனக்கு இல்லை டாக்டர்," என்றாள் கடைசியில். "எனக்கு நல்லாத் தெரியுது. அவருக்குத்தான் தெரியலை."

"ஓரமா வச்சதைத் தட்டிவிடுறாரா? கதவுல இடிச்சுக்கிறாரா?" என்று கேட்டார் டாக்டரம்மா. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் பல்லுக்குத்தான் டாக்டர். ஆனா நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அன்று சமையலறையில் வைத்து அவரிடம் சொன்னாள். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பல்லு டாக்டர் என் கண்ணைப் பத்தி என்ன சொல்றது? அது அடங்காப்பிடாரி. மங்கும், வரும். அதுக்கென்ன டைம் டேபிளா இருக்கு? நீயும்தானே மங்கல்னு சொன்னே?"

"நான் சும்மா சொன்னேங்க."

"என்னது?"

"உங்க எண்ணைக் கேட்டுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி சொன்னேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அரை மூச்சு லேட்டா வருதேன்னு எனக்கும் தோணுச்சு," என்றார் மெதுவாக. "என்கூட இத்தனை வருஷம் நின்னவ நீ, அப்படிப் பண்ண மாட்டேன்னு நினைச்சுக்கிட்டேன்." அன்று இருவரும் மாடிக்குப் போகவில்லை. உரித்த வெங்காயமும் அப்படியே கிடந்தது.

கண் ஆஸ்பத்திரியில் அவரை கிண்ணம் போன்ற ஒரு மெஷினின் வெள்ளைக் குழிவுக்கு முன்னால் உட்காரவைத்து, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அறை இருட்டாக இருந்தது. அவள் சுவரோரம் நின்றாள். டக் என்று பொத்தான் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. மெஷின் மட்டும் உள்ளே அசைந்துகொண்டிருக்கும். அந்த அமைதியில் எத்தனை வெளிச்சங்கள் வந்து போகின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது, மாடியில் குனிந்திருப்பது போலவே கழுத்து விறைத்திருந்தது. 'அமுக்குங்க, அமுக்குங்க' என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும், வலிக்காது, முதலில் போவது ஓரப் பார்வைதான், நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் ஆளுக்கே தெரியாது. போனது திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, தேவைப்பட்டால் ஆபரேஷன்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நிறைய மிச்சம் பண்ணியிருக்கலாம். வீட்ல யாருக்கும் எதுவும் தெரியலையா?"

அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர், "இல்லை டாக்டர், யாருக்கும் தெரியலை," என்றார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு அந்தப் பொய் எண்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவளுக்கும் எடுக்கத் துணிச்சல் வரவில்லை. வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். மேஜையில் டம்ளரை அவர் கைக்கு நேராக வைத்தாள். ஒரு கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கடையில் அடுக்கியிருந்த டப்பாக்கள்மேல் அவர் மோதி, தரை முழுக்க வெள்ளை ஓடியபோது, முதலாளியே ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க," என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

மாடிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். "நீ போயிட்டு வா. குழந்தையை அநாதையா விடக்கூடாது," என்று சிரித்தார். அவள் போனாள். எண்ணிச் சொல்ல ஆளில்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி அனுப்பினாள். பழைய பருவத்து எண்களை, அவருடையதோடு தன்னுடையதையும் சேர்த்து நீக்கிவிடும்படி அவளே டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து, மழை விட்ட ஒரு மாலையில் தொலைநோக்கியைத் திருப்பியவள் திகைத்து நின்றாள். அடங்காப்பிடாரி இருந்த இடம் காலியாக இருந்தது. லென்சைத் துடைத்தாள். பக்கத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஓரக்கண்ணால் பார்த்தபோது ஏதோ ஒரு துளி, இருப்பதும் இல்லாததுமாக ஆடியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஆழமாக அது இறங்கியதே இல்லை. படிகளில் ஓடி இறங்கினாள்.

"ஏங்க! மங்கிடுச்சுங்க! அடங்காப்பிடாரி கிட்டத்தட்ட இல்லவே இல்லை!"

அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "அப்படியா? சந்தோஷம்."

"நெசமாத்தான் சொல்றேன். பதிமூணையும் தாண்டியிருக்கும்."

"நல்லா இருக்கு. ஆனா எனக்காகக் கஷ்டப்படாதே."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "ஆமாங்க, எல்லாருமே பாத்துட்டோம், பெரிய தூசிமேகம் குறுக்கே வந்திருக்கணும்," என்று டாக்டரம்மா உற்சாகமாகப் பேசினார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும், "நல்லவங்க. உனக்காக எவ்வளவு தூரம் இறங்கி வராங்க பாரு," என்றார்.

அவள் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க. நீங்களே வந்து பாருங்க." படி படியாகக் கால் வைக்கச் சொல்லி மாடிக்குக் கூட்டிப்போனாள். கண்வில்லையில் கண்ணைப் பொருத்திவிட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல பெரிய நட்சத்திரம் நாலு தெரியுது," என்றார். "அடங்காப்பிடாரி இருந்தாலும் எனக்குத் தெரியாது, இல்லாட்டியும் தெரியாதும்மா. இதை வச்சு நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

நான்கு மாதம் அது மங்கியே கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது. அவள் ஒவ்வொரு மாலையும் வந்து சொன்னாள்; அவர் ஒவ்வொரு மாலையும் புன்னகையோடு "ம்" கொட்டினார்.

அடுத்த வருடச் சங்கக் கூட்டத்துக்கு அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். அவள் டீ வாங்கப் போயிருந்தபோது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த யாரோ ஒரு வங்கி ஊழியர், அவர் யாரென்று தெரியாமலே, அந்தப் பெரிய மங்கலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். தான் எப்படிப் பார்த்தார், எப்படித் தன் கண்ணையே நம்பவில்லை என்று கதை கதையாக. அவள் இரண்டு டம்ளரோடு திரும்பியபோது கணவர் அந்த ஆளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த வாரம் இறங்க ஆரம்பிச்சுது? ஒரேயடியாவா, கொஞ்சம் கொஞ்சமாவா?" என்று குடைந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தாள். பாதி வழியில் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னது நெசம்தான் போல."

"உங்ககிட்ட நான்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"நம்பணும்னு பாத்தேன். நெசமாவே பாத்தேன். முடியலை," என்றார். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து நின்றான். அவளை அடையாளம் கண்டு சலாம் வைத்தான். இறங்கும் இடம் வந்ததும் அவர் தானாகவே கையை நீட்டினார்.

நடுப்பார்வையும் சில வருடங்களில் போய்விட்டது. மாலையில் அவரைத் தனியாக விட்டுவிட்டு மாடியேற அவளுக்கு மனம் வரவில்லை. வானம் தெளிந்திருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டாள். தொலைநோக்கியைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டாள். ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவர் வாசலில் நின்று, "பாத்து, கீழ்ப்படி உடைஞ்சிருக்கு," என்றார். அவள் ஓய்வு பெற்றதும் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிபோனார்கள்.

முன்னறைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவனிடம் அவரே விகிதம் சொல்லிக் கலக்கவைத்தார். வெள்ளையில் கொஞ்சம் பச்சை, அதைத் தணிக்க ஒரு சொட்டுக் காவி. அடித்து முடித்து ஆள் போனதும், நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சரியா வந்திருக்கா?"

நன்றாக வரவில்லை. அவன் அவசரத்தில் பச்சையை அள்ளி ஊற்றியிருந்தான். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. அவள் சுவரையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"இல்லைங்க. பச்சை தூக்கலா இருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"நினைச்சேன். கலக்கும்போதே பச்சை சொட்டாம, மடமடன்னு விழுற சத்தம் கேட்டுச்சு," என்றார். "நாளைக்கு வரச் சொல்லு. இன்னொரு கோட் அடிச்சாச் சரியாயிடும்."

அவள் போனை எடுத்து ஆளைக் கூப்பிட்டாள்.